பணியிட ஆயுதபூஜை

பணியிட ஆயுதபூஜை என்பது, நவராத்திரியின் ஒன்பதாம் நாளையொட்டித் தமிழ்நாட்டின் பட்டறைகளிலும் பணிமனைகளிலும் அலுவலகங்களிலும் ஆட்டோ ஸ்டாண்டுகளிலும் நடக்கும் விழா. பெயருக்கு வழிபாடு, நடப்பில் ஊழியரைக் கௌரவிக்கும் நாளும் இதுதான், அதுவும் மிகக் குறைந்த செலவில். கர்நாடகத்திலும் கேரளத்திலும் இதே நாளில் கருவிகளுக்குப் பூஜை நடக்கிறது. வட இந்தியத் தொழிற்சாலைகளில் அந்த இடத்தைச் செப்டம்பர் 17 வாக்கில் வரும் விஸ்வகர்மா பூஜை பிடித்திருக்கிறது.

இந்த விழா நடக்கும் இடங்களுக்குப் பீர்க்கன்கரணை வட்டாரம் ஓர் உதாரணம். இரும்புலியூருக்கும் பெருங்களத்தூருக்கும் இடையே ஜிஎஸ்டி சாலையை ஒட்டியிருக்கும் பீர்க்கன்கரணை, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியோடு இணையும்வரை தனிப் பேரூராட்சி. சுற்றுவட்டாரத்தில் எல்லா அளவிலும் பணியிடங்கள் உண்டு. தாம்பரத்தில் மின்சார ரயில் பணிமனை, சானடோரியத்தில் 1984-இல் தொடங்கிய மெப்ஸ் ஏற்றுமதி வளாகம், சாலையோரத்தில் மெக்கானிக் கடைகள். பெரிய நிறுவனங்கள் விடுமுறைக்கு முந்தின நாள் மதியமே பூஜையை முடித்துக்கொள்ளும். சின்னப் பட்டறைகள் ஆயுதபூஜை அன்றைக்கே வைத்துக்கொள்ளும்.

விழாவின் பாதி, சுத்தம் செய்வதிலேயே போய்விடும். லேத் மெஷினின் அடியில் மாதக்கணக்கில் சேர்ந்த இரும்புச் சுருளை வாரி எடுத்து, மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்டால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பார்கள். ஸ்பேனர்கள் அளவுவாரியாக வரிசைக்கு வரும். சக்குக்கு மாலை, மோட்டாருக்குச் சந்தனப் பொட்டு, வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம். அந்த ஒரு நாள் மெஷினுக்கு ஓய்வு. அதை ஓட்டுகிறவனுக்கு அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளும் பெருமை. 'சிறந்த ஊழியர்' கேடயம் ஒருவருக்குத்தான் கிடைக்கும், இந்தப் பொட்டு எல்லோருடைய கருவிக்கும் உண்டு. விழா நிலைத்ததற்கு இதுவே முதல் காரணம் என்று தோன்றுகிறது.

பூஜை முடிந்ததும் ஆளுக்கொரு கவர் கொடுப்பார்கள். பொரி, பொட்டுக்கடலை, அவல், நாட்டுச்சர்க்கரை, ஒரு பழம், வசதியிருந்தால் ஒரு ஸ்வீட் பாக்ஸ். மேனேஜருக்கும் ஹெல்ப்பருக்கும் வாட்ச்மேனுக்கும் ஒரே அளவு. கவர் வீட்டுக்குப் போவதால் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு. செலவு எகிறுவது பொரியில் அல்ல, பூவில்தான். அந்த வாரம் விலை ஏறிவிடும் என்பதால், கணக்குப் பார்க்கும் முதலாளிகள் வாசலுக்கு மாவிலையும் வாழைக்கன்றும் கட்டி, மாலையைச் சாமி படத்தோடு நிறுத்திக்கொள்வார்கள்.

பொரி, போனஸுக்கு ஈடாகாது. விஜயதசமிக்குச் சுமார் 20 நாளில் தீபாவளி வந்துவிடுவதால், கவரை வாங்கும்போதே போனஸ் பேச்சும் கிளம்பும். 1965-ஆம் ஆண்டின் போனஸ் சட்டம், தகுதியுள்ள ஊழியருக்குக் குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20 சதவீதம் என்று வரம்பு வகுத்தது. ரயில்வேயில் 2024-இல் 78 நாள் ஊதியத்துக்கு ஈடான போனஸ், ஆளுக்கு 17,951 ரூபாய் உச்சவரம்போடு, ஆயுதபூஜைக்கு முன்பே அறிவிக்கப்பட்டது. போனஸ் உரிமை, பொரி உபசாரம். போனஸைப் பிடித்துவைத்துக்கொண்டு பூஜையைத் தடபுடலாக நடத்தினால் பட்டறையில் யாரும் ஏமாறமாட்டார்கள்.

விடுமுறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் விடுமுறைச் சட்டம், ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகியவற்றோடு ஐந்து பண்டிகை நாட்களையும் சம்பளத்தோடு தரச் சொல்கிறது. அந்த ஐந்தில் ஆயுதபூஜை பெரும்பாலும் இடம்பிடித்துவிடும். பல மதத்தவர் வேலை செய்யும் இடங்களில் பூஜையில் நிற்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டு, கவரை மட்டும் எல்லோருக்கும் கொடுப்பது நல்ல வழக்கம்.

கடைசிச் சடங்கு திருஷ்டி கழிப்பது. வெள்ளைப் பூசணியில் துளையிட்டுக் குங்குமமும் சில்லறையும் போட்டு, மேலே கற்பூரம் ஏற்றிச் சுற்றி, வாசலில் உடைப்பார்கள். ஜிஎஸ்டி சாலை போன்ற இடத்தில் அந்தத் துண்டுகளில் இருசக்கர வாகனம் வழுக்கினால் உயிருக்கே ஆபத்து. நடுச்சாலையில் உடைக்க வேண்டாம் என்று போலீஸார் கேட்டுக்கொள்வது வழக்கம். உடைத்த கையோடு துடைப்பத்தை எடுத்து ஓரமாகத் தள்ளிவிடுகிற பட்டறைகளும் இருக்கின்றன.