நம்பிக்கையின் அளவும் கடற்கரையின் எல்லையும்

நாளை நிகழப்போவது யாதென அறியாத நிலையில் இன்றே முடிவெடுக்க வேண்டியிருப்பது மனித வாழ்வின் இயல்பாகும். நன்மையே விளையுமென எண்ணுவோரும் தீமையே விளையுமென அஞ்சுவோரும் ஒரே தகவலைக் கொண்டு வெவ்வேறு முடிவுகளுக்கு வருகின்றனர். இம்மனப்பாங்குகளைக் கணித மொழியில் அமைத்துக்காட்ட இருபதாம் நூற்றாண்டில் மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாற்றைச் சுருக்கமாக நோக்கி, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் கல்முனைக் கரையோரத்தில் எழுந்த குடியிருப்புப் பிரச்சினையை அதன் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வரலாற்றில் முதற்கண் குறிப்பிடத்தக்கவர் ஆபிரகாம் வால்ட் ஆவார். ஒவ்வொரு தெரிவினாலும் நேரக்கூடிய மிகத் தீய விளைவை நோக்கி, அவற்றுள் தீமை குறைந்ததைத் தெரிவு செய்க என்பது அவர் பெயரால் வழங்கும் விதி. இதனை முழு அவநம்பிக்கையின் விதி எனலாம். விரிவுரைப் பயணமாக இந்தியா வந்திருந்த அவர், 1950ஆம் ஆண்டு டிசம்பரில் நீலகிரி மலையில் நிகழ்ந்த விமான விபத்தில் உயிரிழந்தார். அடுத்த ஆண்டில் லியோனிட் ஹேர்விக்ஸ் இவ்விதியை விரிவுபடுத்தினார். மிக நல்ல விளைவையும் மிகத் தீய விளைவையும் 0 முதல் 1 வரையிலான ஒரு குணகத்தால் நிறுத்துக் கூட்டலாம் என்றார் அவர். குணகம் 0 எனின் முழு அவநம்பிக்கை. 1 எனின் முழு நம்பிக்கை.

1965இல் லொத்பி சாதே தெளிவிலாத் தொடைக் கொள்கையை வெளியிட்டார். ஒரு பொருள் ஒரு தொடைக்கு உரியது அல்லது உரியதன்று என்னும் இருநிலைக்குப் பதிலாக, அது எந்த அளவுக்கு உரியது என்று கூற இக்கொள்கை இடமளித்தது. 1970இல் பெல்மன் என்பவருடன் இணைந்து அவர் இதனை முடிவெடுத்தலுக்குப் பயன்படுத்தினார். பல அளவுகோல்களுள் மிகக் குறைவாக நிறைவேறும் அளவுகோலின் மதிப்பே தெரிவின் மதிப்பாகும் என்பது அவர்கள் கொண்ட முறைகளுள் முதன்மையானது. இதுவும் அவநம்பிக்கையின் வழியே. 1988இல் றொனால்ட் யேகர் அமைத்த சராசரி முறை, இவ்வழிக்கும் அதன் எதிர்முனைக்கும் இடைப்பட்ட நிலைகள் அனைத்தையும் ஒரே சட்டகத்துள் அடக்கியது.

இனிக் கல்முனைக்கு வருவோம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது முதலிய ஊர்கள் கிழக்கே கடலுக்கும் மேற்கே வயலுக்கும் இடையே ஒடுங்கிய நிலத்தில் நெருங்கி அமைந்தவை. மகளுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் வழக்கம் இங்கு வேரூன்றியுள்ளமையால், கரையோர வளவை இழத்தல் மகளின் வாழ்வையும் பாதிப்பதாகும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன்பின் அரசு கிழக்குக் கரையில் 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாது என அறிவித்தது. 2005ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இத்தூரத்தைக் குறைக்க முன்வந்தது. 199ஆவது மீற்றரில் இருப்பவன் ஆபத்தில் உள்ளான், 201ஆவது மீற்றரில் இருப்பவன் தப்பினான் என்பது சாதே மறுத்த இருநிலைச் சிந்தனையே.

எல்லைக்கோடு இவ்வாறிருக்க, அதற்குள் வாழ்ந்தவர் முன்னிருந்த தெரிவுகளை எடுத்துக்காட்டாகக் கற்பித்த மதிப்புகளால் நோக்குவோம். கரையில் தங்குதலுக்குப் பாதுகாப்பு 0.2, தொழில் 0.9, உறவும் அயலும் 0.8 எனவும், உள்ளே குடிபெயர்தலுக்கு முறையே 0.8, 0.3, 0.4 எனவும் கொள்க. ஹேர்விக்ஸ் குணகம் 0.5க்குக் குறைந்தால் பெயர்தலும் கூடினால் தங்குதலும் மேம்படும். கரையில் நின்றோர் துணிச்சல் மிக்க நம்பிக்கையாளர் என இதிலிருந்து கொள்ளத் தோன்றும்.

ஆயின் கரைவலைத் தொழிலாளியின் நிலையை நோக்குக. தோணியையும் வலையையும் விட்டுத் தொலைவு சென்றால் தொழிலுக்கு அவன் அளிக்கும் மதிப்பு 0.1 ஆகலாம். அப்போது குணகம் யாதாயினும் தங்குதலே மேம்படும். முழு அவநம்பிக்கையாளனும் கரையிலேயே நிற்பான். திட்டமிட்டோர் கடலை அஞ்சினர். அவன் பட்டினியை அஞ்சினான். இருசாராரும் அஞ்சியவர்களே, அஞ்சிய பொருளே வேறு.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்றுண்டு. அச்சத்தை மிகுவித்து அவனை நகர்த்த முடியாது. தோணி நிறுத்தவும் வலை வைக்கவும் கரையில் இடமளித்து, கரைக்கும் புதிய வீட்டுக்கும் போக்குவரத்து அமைத்து, அந்த 0.1ஐ 0.4 ஆக உயர்த்தினால், குணகம் ஏறத்தாழ 0.67 வரை பெயர்தலே மேம்படும். மறுபுறம், முன்னெச்சரிக்கை தங்குதலின் பாதுகாப்பு மதிப்பைச் சற்று உயர்த்தவல்லது. 2012 ஏப்ரல் 11ஆம் திகதி எச்சரிக்கை கேட்டு மக்கள் உட்புறம் சென்றனர், பேரலை வரவில்லை. எனினும் வந்திருப்பின் பலர் பிழைத்திருப்பர்.

மனப்பாங்கிற்கு எண் தந்தமை கணிதத்தின் சாதனையே. எவருடைய மனப்பாங்கு, எவ்வளவுகோலைப் பற்றியது என்னும் வினாவைக் கணிதம் தானே எழுப்பாது. அதனை எழுப்புதல் வரலாறும் சமூகவியலும் பயில்வோரின் கடனாகும்.