ஆறும் பெருந்தெருவும்: களனிக் கரையின் துறைகள்

தமிழில் ‘ஆறு’ என்னுஞ் சொல் நீர் ஓடும் வழியையும் மாந்தர் நடக்கும் வழியையும் ஒருங்கே குறிக்கும். பரிசில் பெற்றான் ஒருவன் பெறாதானை வழிப்படுத்தும் நூலுக்கு ஆற்றுப்படை எனப் பெயர் அமைந்தது இப் பின்னைப் பொருள் பற்றியேயாம். ஈழத்தின் கீழ்ப்பகுதியில் இதற்கு மறுதலையான வழக்கொன்று உண்டு. மட்டக்களப்பு வாவியில் ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கும் தட்டைப் படகை ஆண்டுள்ளார் ‘பாதை’ என்றே அழைப்பர். நீருக்கும் நிலத்திற்கும் இவ்வாறு பெயரைப் பொதுவாக வைத்தவர்கள், தெருவழிச் செல்வானும் நீர்வழிச் செல்வானும் ஒருவனே என்று கண்டவராதல் வேண்டும்.

இற்றை நாளில் அவ்விருவரும் வேறாகி வழக்காடி நிற்கின்றனர். கொழும்பிலிருந்து அட்டனுக்கு ஏறும் பெருந்தெருவிலே, கித்துல்கலையை அண்டிய வளைவுகளில், காற்றடைத்த இறப்பர்த் தெப்பங்களைக் கூரைமேற் கட்டிய வேன்கள் தெருவோரத்தில் நிற்கின்றன. தெப்பத்தை இறக்குவோர் ஆற்றுக்குச் செல்ல வழி வேண்டும் என்கின்றனர். அவ்வழியே பஸ்வண்டி செலுத்துவோர் தமக்குத் தெரு வேண்டும் என்கின்றனர். இருவர் கூற்றும் பொய்யன்று. இவ்வழக்கு எவ்வாறு தோன்றியதென்பதை அறியக் களனி கங்கையின் வரலாற்றைச் சிறிது பின்னோக்கிப் பார்த்தல் வேண்டும்.

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் தலைமாட்டு மலைகளிற் பிறந்து, தேயிலைச் சரிவுகளினூடே ஓடி, நோர்வூட்டைக் கடந்து வருவது கெசல்கமுவ ஓயா. சிவனொளிபாத மலைப் பக்கத்து நீரைக் கொண்டு வருவது மஸ்கெலிய ஓயா. இவையிரண்டும் பொல்பிட்டியவை அடுத்துக் கூடிக் களனி கங்கை என்னும் பெயரைப் பெறுகின்றன. அங்கிருந்து கித்துல்கலை, யட்டியாந்தோட்டை ஆகிய ஊர்கள் வரை ஆறும் பெருந்தெருவும் ஒரே பள்ளத்தாக்கிற் பெரும்பாலும் அருகருகே செல்கின்றன. ஒரு பக்கம் வெட்டிய மலைச்சுவர், மறுபக்கம் ஆற்றுச்சரிவு. இடையிலுள்ள ஒடுங்கிய தட்டே தெரு. வழக்கிற்குரிய நிலம் இதுவே.

முன்னாளிற் களனி விளையாட்டுக்குரிய ஆறாக இருக்கவில்லை. அது வணிகத்திற்குரிய ஆறு. ஓலைக்கூரை வேய்ந்த தட்டைப் படகுகள் (சிங்களத்தில் இவற்றைப் ‘பாருவ’ என்பர்) ருவன்வெல்லை, யட்டியாந்தோட்டைப் பகுதிகளின் விளைபொருள்களைக் கொழும்புக்கு இறக்கின. திரும்பும்போது உப்பும் அரிசியும் துணியும் ஏற்றி வந்தன. ஆற்றின் கீழ்முனையில், போர்த்துக்கீசர் பெருங்கடவை எனப் பொருள்படப் பெயரிட்ட இடம் இன்று ஆங்கிலத்தில் கிராண்ட்பாஸ் எனப்படுகின்றது. அதனைத் தமிழர் பாலத்துறை என்பர். பாலமும் துறையும் ஒரு பெயருள் இணைந்தமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1822ஆம் ஆண்டில் அவ்விடத்திற் படகுகளை வரிசையாகப் பிணைத்து, மேலே பலகை பரப்பி, ஒரு மிதவைப் பாலம் அமைத்தனர். வண்டிகள் அதன்மேற் சென்றன. ஆற்றிற் செல்லும் படகுகளுக்காகப் பாலத்தின் ஒரு பகுதியைத் திறந்து வழிவிடுவர். அவ்வேளை வண்டிகள் காத்து நிற்கும். 1895ஆம் ஆண்டில் விக்டோரியா இருப்புப்பாலம் திறக்கப்படும்வரை, எழுபதாண்டுகளுக்கு மேலாகத் தெருவும் ஆறும் முறைவைத்து ஒன்றுக்கொன்று இடங்கொடுத்தன.

சட்டமும் இவ்வியல்பினை ஒட்டியதாகவே இருந்தது. கி. பி. 533இல் யுஸ்தீனியப் பேரரசன் வெளியிட்ட சட்டத் தொகுப்பு, ஆற்றங்கரையின் நிலம் அடுத்த காணிக்காரனுக்கே உரியதாயினும் அக்கரையின் பயன்பாடு எல்லார்க்கும் பொது என்று விதித்தது. படகைக் கரைசேர்க்கவும், கரைமரத்திற் கயிறு கட்டவும், சுமையை இறக்கி வைக்கவும் எவனுக்கும் உரிமை உண்டு. இந்நெறி ஒல்லாந்தச் சட்ட அறிஞர் வழியாக இலங்கைக்கு வந்தது. 1799ஆம் ஆண்டுப் பிரகடனத்தால் ஆங்கிலேயர் தாம் கைக்கொண்ட பகுதிகளில் அச்சட்டத்தை நீடிக்கவிட்டனர். காலப்போக்கில் அது நாட்டின் பொதுச் சட்டமாயிற்று. ஒன்று மட்டும் கவனித்தற்பாலது. கரையிற் கயிறு கட்ட உரிமை தந்த உரோமச் சட்டம், கரைக்கு வந்து சேரும் வழியைப் பற்றி அங்கே பேசவில்லை. படகுக்காரன் நீர்வழியாகவே வருவான் ஆதலின் அதனைச் சொல்ல வேண்டிய தேவையும் எழவில்லை. இன்று தெப்பக்காரன் தெருவழியாக வருகின்றான்.

இனித் தெருவின் வரலாறு. ஆங்கிலேயர் தெருவைப் படைக்காகவும் கோப்பிக்காகவும் வெட்டினர். 1848ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கத் தெருக் கட்டளைச் சட்டம், பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையுள்ள ஆடவர் ஒவ்வொருவரும் ஆண்டில் ஆறு நாள் தெருவில் உழைக்க வேண்டும், அல்லது அதற்கீடாகப் பணங்கட்ட வேண்டும் என்றது. அவ்வாண்டு மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்கு அதுவும் ஒரு காரணம். இருப்புப்பாதை 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் அட்டனையும், 1885இல் நானுஓயாவையும் அடைந்தது. கீழ்ப்பக்கத்தில் ஒடுங்கிய களனிப் பள்ளத்தாக்குப் பாதை யட்டியாந்தோட்டை வரை நீண்டது. அதன்பின் சரக்குப் படகுகளின் காலம் மங்கலாயிற்று. அக்கிளைப் பாதையும் 1942இல் மூடப்பட்டுத் தண்டவாளம் பெயர்க்கப்பட்டது. ஆற்றின் தொழிலை இரயில் கொண்டது. இரயிலின் தொழிலைப் பின்னர் லொறி கொண்டது.

பழைய தெரு அமைப்பாளர் எத்துணைக் கொடியராயினும், நடப்பவன் நிற்கவும் வேண்டும் என்பதை மறந்தாரல்லர். சிங்கள மன்னர் காலத்து அம்பலங்கள் வழிநெடுக நின்றன. ஆங்கிலேயர் தம் அலுவலருக்காக வாடிவீடுகளைக் கட்டினர். கித்துல்கலையில் ஆற்றை நோக்கி நிற்கும் வாடிவீடு அவ்வகையினது. மலையகத் தமிழ் மக்களின் முன்னோர் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளைக்கு ஏறத்தாழ 150 மைல் நடந்த வடதெருவிற் கிணறும் கொட்டகையும் தோன்றியதோ பெருவிலை கொடுத்த பின்னரே. நீரும் நிழலுமின்றிப் பேதியாலும் காய்ச்சலாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். அவர்தம் மரணம் தோட்டங்களின் ஆட்பலத்தைக் குறைக்கத் தொடங்கியதும், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், அரசு தங்குமிடங்களை ஒழுங்கு செய்தது. நடைவழியில் நிற்குமிடம் இல்லாமை எத்தகைய கேட்டைத் தரும் என்பதை இந்நாட்டில் எவரினும் நன்கு அறிந்தவர் அவர் வழிவந்தோரே.

மோட்டார் வண்டி வந்தபோது இவ்வறிவு மங்கிற்று. மணிக்குப் பத்து மைல் செல்லும் வண்டிக்கும் முப்பது மைல் செல்லும் வண்டிக்கும் வேண்டிய அகலம் ஒன்றன்று. மலைச்சுவரை மேலும் வெட்டுதல் செலவும் ஆபத்தும் உடைத்தாதலின், தெரு அகலவேண்டிய இடங்களில் ஓரங்களே பலியாயின. மாடுகள் இளைப்பாறிய புற்றரையும், குளிக்க இறங்கிய ஒற்றையடிப் பாதையும், சுமைதாங்கி இருந்த இடமும் தாரின் கீழ் மறைந்தன.

தெரு கரையை எடுத்துக்கொண்டதுபோல மின்சாரம் நீரை எடுத்துக்கொண்டது. இம்மலையாறுகளிலிருந்து மின் பிறப்பிக்கலாம் என 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் பொறியியலறிஞர் டி. ஜே. விமலசுரேந்திரா. பழைய லக்சபான நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கிற்று. காசல்ரீ அணை 1965இலும் மவுசாகலை அணை 1969இலும் நிறைவெய்தின. பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கிற்று. ஆகவே பொகவந்தலாவையிற் பெய்யும் மழைநீர் இன்று தன் விருப்பின்படி கித்துல்கலையை அடைவதில்லை. காசல்ரீயில் தேங்கி, குழாய்களிற் புகுந்து, சுழலிகளை ஓட்டிவிட்டு, மின்னிலையத்தார் திறக்கும் வேளையில் வெளிவருகின்றது. தெப்பம் விடுவோருக்கு இது ஒருவகையில் நன்மையாயிற்று. மின்னிலையம் விடும் நீரினால், மழையற்ற மாதங்களிலும் ஆறு தெப்பம் தாங்கும் அளவிற்கு ஓடியது. ஆனால் பின்னர் 35 மெகாவாற்று ஆற்றலுடைய புரோட்லண்ட்ஸ் திட்டம் கித்துல்கலைக்கு மேலே எழுந்தபோது, தெப்பம் ஓடும் பகுதிக்கு நீர் எஞ்சுமோ என்ற அச்சமும் எழுந்தது. ஆற்றைப் பற்றிய பேச்சு முழுவதும் நீரின் அளவு பற்றியதாகவே அப்போது அமைந்தது. நீருக்கு இறங்கும் இடத்தைப் பற்றிப் பேசினோர் மிகச் சிலர்.

கித்துல்கலையை உலகறியச் செய்தது 1957ஆம் ஆண்டு வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ என்னும் திரைப்படம். சயாமில் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட கதைக்குக் களனிக் கரையிலே மரப்பாலம் கட்டி, அதனை இரயிலொடு வெடிவைத்துத் தகர்த்தனர். பாலம் இருந்த இடத்தைக் காண வந்தோர் பலர். சில பதிற்றாண்டுகள் கழிந்தபின் தெப்ப விளையாட்டும் வந்தது. ஊர் இளைஞர் பலர் இதில் வழிகாட்டிகளாகவும் படகோட்டிகளாகவும் பிழைக்கின்றனர். இறப்பர் வெட்டும் தோட்ட வேலையும் தவிர வேறு தொழில் அரிதான ஊரில் இஃது இகழத்தக்கதன்று. தெருப் பாதுகாப்பை மட்டும் நோக்கி, வளைவிலே நிற்கும் வேன்களையெல்லாம் அகற்றிவிட்டால் போதும் என்போர் இதனையும் எண்ணுதல் நலம்.

எனினும் தெருப் பொறியியலாளர் பக்கத்து நியாயம் கணக்கினால் உறுதி பெறுவது. மணிக்கு 40 கிலோமீற்றர் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 11 மீற்றர் கடக்கும். தடையைக் கண்ட சாரதி கால்பெயர்த்து மிதிப்பதற்குள் ஒன்றரை விநாடி கழியும். நனைந்த தெருவிற் சில்லு வழுக்காது நிற்க மேலும் 15 மீற்றர் வேண்டும். ஆகக் கூடி மூன்று பஸ்வண்டிகளின் நீளம். இறக்கத்தில், ஆள்நிறைந்த வண்டிக்கு இன்னுங் கூடும். இம்மலைச்சரிவு நாட்டின் மிக்க மழை பெறும் பகுதி. வட்டவளையில் ஆண்டு மழை 5000 மில்லிமீற்றருக்கு மேற்பட்டது. மழையிலும் புகாரிலும் வளைவுக்கப்பால் முப்பது மீற்றர் தெரிவதே அரிது. 2023 ஜனவரியில் நானுஓயாவை அடுத்த ரதெல்லையில் மாணவரை ஏற்றிவந்த பஸ்வண்டி மோதி ஏழுபேர் மாண்டனர். 2025 மே மாதத்திற் கொத்மலைப் பக்கத்துக் கரண்டி எல்லையிற் பஸ்வண்டி கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவை நிறுத்திய வண்டிகளால் நேர்ந்தவை அல்ல. ஆயினும் மலைத்தெருவிற் பிழைக்கு எத்துணைச் சிறிய இடமே உண்டென்பதற்கு அவை சான்று. வாகனத்தைப் பிறர்க்கு இடரும் ஆபத்தும் விளையும்படி நிறுத்தலாகாதென 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் வழி அமைந்த விதிகள் கூறுவது காரணமின்றியன்று.

இவ்வழக்கிற் பேசாத மூன்றாங் கட்சியொன்று உண்டு. அது தெருவோரத்தில் நடப்பவர். இரண்டு கட்சியாரும் வண்டி உடையவர்; இவர்க்கு வண்டியில்லை. பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையும், கொழுந்துப் பையொடு தெருவைக் கடக்கும் பெண்ணும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முதியவரும் ஓரத்தையே நம்பியவர். ஓரத்தில் வேன் நின்றால் அவர் தெருவின் நடுவுக்கு இறங்க நேரும். கித்துல்கலையில் மட்டுமன்று, காசல்ரீ நீர்த்தேக்கத்தின் காட்சியைக் காண வண்டிகள் நிற்கும் பொகவந்தலாவைத் தெருவிலும், மார்கழிப் பௌர்ணமி முதல் வைகாசிப் பௌர்ணமி வரை சிவனொளிபாத யாத்திரிகர் நீர்நிலை கண்ட இடமெல்லாம் நிற்கும் மஸ்கெலியாத் தெருவிலும் நிலை இதுவே. யாத்திரிகர் சீத கங்குலையில் நீராடி ஏறுதல் பழைய மரபு. நீரண்டை நிற்றல் தெப்பக்காரரால் புகுந்த புதுமையன்று.

பிறநாட்டிலும் இவ்வழக்கு நிகழ்ந்துளது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து உயர் நீதிமன்றம் 1984இல் ஆறுகளிற் படகு விடவும் மீன்பிடிக்கவும் பொதுமக்கள் உரியர் எனத் தீர்த்தது. அடுத்த ஆண்டு சட்டமும் இயற்றப்பட்டது. ஆற்றிலே உரிமை கிடைத்தது, ஆற்றை அடைவதெவ்வாறு? பொதுத்தெரு ஆற்றைத் தொடும் இடம் பாலம் ஒன்றே. அங்கே காணிக்காரர் தம் வேலியைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரோடு இணைத்து வழியை அடைத்தனர். கால் நூற்றாண்டு இழுபறிக்குப்பின் 2009இல், வேலியைப் பாலத்தோடு கட்டலாம், ஆனால் ஆள் புகும் வழி இருத்தல் வேண்டும் எனப் புதுச்சட்டம் வந்தது. அதனோடும் வழக்கு முடிந்தபாடில்லை. ஆள் புக வழி திறந்த அளவிலே வண்டி நிற்க இடம் திறந்துவிடவில்லை.

இந்நாட்டிற் கரைநிலம் பெருந்தடையன்று. 1947ஆம் ஆண்டு முடிக்குரிய காணிக் கட்டளைச் சட்டம் பொது ஆறுகளின் ஓரத்தை ஒதுக்குநிலமாக வைக்க அரசுக்கு அதிகாரந் தந்தது. அதனை இற்றைநாள் அரச காணிக் கட்டளைச் சட்டம் என்பர். தெருவோ வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பு. நீர் மின்னிலையத்தாரின் கையில். சுற்றுலா மற்றோர் அலுவலகத்தின் கண். பாலத்துறையில் வண்டிக்கும் படகுக்கும் முறைவைத்தவர் ஒரே அலுவலராக இருந்தார். இன்று தெருவுக்கும் ஆற்றுக்கும் இடையிலுள்ள மூன்று மீற்றர் நிலம் எவர் பொறுப்பென்று கேட்டால் ஒவ்வொருவரும் மற்றவரைச் சுட்டுவர்.

மலைத்தெருவைத் திருத்தும்போது கூர்வளைவுகளை நேராக்குவர். அவ்வாறு நேராக்கிய இடந்தோறும் பழைய தெரு பிறைவடிவத் துண்டாக ஆற்றுப்பக்கமாக எஞ்சும். அது முன்னரே தெருவாக இருந்த நிலம், அரசுக்குரியது, வண்டியின் பாரந் தாங்கும், வளைவின் முனையிலன்றி நேர்த்தெருவின் பக்கத்தில் இருப்பதாற் சாரதியின் கண்ணுக்கும் எட்டும். இன்று அவற்றுட் சில கடைகளாயின. சிலவற்றிற் கல்லும் மண்ணும் குவிந்துள்ளன. சிலவற்றிற் புல் முளைத்துள்ளது. நான்கைந்து வேன்கள் நிற்கவும், தெப்பத்தை இறக்கவும், அவற்றுக்கும் தெருவுக்குமிடையே பிள்ளைகள் நடக்கவும் அத்துண்டுகளில் இடமுண்டு. அங்கிருந்து நீருக்கு இறங்க வேண்டியவை சில கற்படிகளே.