பூட் ஆகுமா, ஆகாதா?

ஒரு மென்பொருள் தப்பாப் போனா பெரும்பாலும் ஒரு பிழைச்செய்தியாவது காட்டிட்டுத்தான் போகும். ஆனா இயங்குதளமே எழுந்திருக்கலேன்னா? சொல்றதுக்கு ஆளே இல்லை. செத்தவனே வந்து 'நான் செத்துட்டேன்'னு சொல்ல முடியுமா என்ன :-) வெளியே இருந்து ஒருத்தர் பார்க்கணும். அந்த 'ஒருத்தர்' எப்படி வந்தார்னு பார்ப்போம்.

மெயின்ஃபிரேம் காலத்துல புது இயங்குதளத்தைச் சோதிக்கணும்னா மொத்த மெஷினையும் ஒழிச்சுக் கொடுக்கணும். மத்தவங்க வேலை அம்போ! அமெரிக்காவில் ஐபிஎம்மின் கேம்பிரிட்ஜ் மையத்துல ராபர்ட் கிரீசி குழுவினர் செஞ்ச சிபி-40 இதை மாத்திடுச்சு. 1967-ல் பயன்பாட்டுக்கு வந்த அது ஒரே கணினியை 14 மெய்நிகர் கணினிகளாகக் காட்டியது. அதன் வழிவந்த விஎம்/370 (1972) வந்தப்புறம், ஒரு மெய்நிகர் கணினியில் புது இயங்குதளம் கவுந்தாலும் பக்கத்துல இருக்கறவர் வேலை நிக்காது.

அந்த வசதி நம்ம மேசைக்கும் வந்துச்சு. 2003-ல் ஃபாப்ரீஸ் பெல்லார்ட் கியூஎமுவை வெளியிட்டார். 2007-ல் லினக்ஸ் கெர்னல் 2.6.20-ல் கேவிஎம் சேர்ந்ததும் வேகமும் கிடைச்சது.

சோதனை முறை ரொம்ப எளிமைங்க. ஒரு ஸ்கிரிப்ட் மெய்நிகர் கணினியைக் கிளப்பி, அதன் சீரியல் போர்ட்ல வர்ற எழுத்துக்களைப் படிக்கும். 'லாகின்' வந்தா பாஸ். 'கெர்னல் பேனிக்' வந்தா ஃபெயில். குறிச்ச நேரத்துக்குள்ள ரெண்டுமே வரலேன்னாலும் ஃபெயில்தான். இந்த மூணாவது விதிதான் உயிர்நாடி. மௌனத்தையும் தோல்வின்னு எழுதி வைக்க ஒரு கடிகாரம் வேணும்.

ஓப்பன்சூசேகாரங்களோட ஓப்பன்கியூஏ இன்னும் ஒரு படி மேலே. திரையைப் படம் பிடிச்சு, ஏற்கெனவே வெச்சிருக்கிற மாதிரிப் படத்தோட ஒப்பிட்டு, விசைகளையும் தானே தட்டும். இந்தச் சோதனையைத் தாண்டினாத்தான் டம்பிள்வீட் பதிப்பு வெளியே வரும்.

இவ்வளவு இருந்தும் 2024 ஜூலை 19-ல் நடந்ததைப் பாருங்க. கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பின ஒரு சின்ன கோப்பால சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் விழுந்துச்சு. விமானங்கள் ரத்து, ஆஸ்பத்திரிகளில் தடங்கல். 78 நிமிஷத்துல கோப்பைத் திருத்திட்டாங்க. ஆனா எழுந்திருக்காத கணினிக்குத் திருத்தம் எப்படிப் போய்ச் சேரும்? பலதுக்குக் கிட்டப் போய், ஒவ்வொண்ணா, கையாலதான் நீக்கணும்.

அந்தக் கோப்பை ஒரு சரிபார்ப்பு நிரல் 'நல்லாத்தான் இருக்கு'ன்னு விட்டுடுச்சு. ஒரே ஒரு மெய்நிகர் கணினியில் ஏத்திப் பார்த்திருந்தாலே குட்டு வெளிப்பட்டிருக்கும்னு நினைக்கிறேன். படிச்சுப் பார்க்கறது வேற, எழுப்பிப் பார்க்கறது வேற. நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?