அப்பாவுக்கு ஒரு போன்: சட்டம் பெண்ணை யாராகப் பார்க்கிறது?

விடியற்காலையில படப்பை மெயின் ரோட்டுல நின்னா, கம்பெனி பஸ்கள் வரிசையா போறதைப் பார்க்கலாம். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம்னு ஷிஃப்ட்டுக்குப் போற பஸ்கள். ஜன்னலோரம் தூங்கிக்கிட்டே போற முகங்கள்ல நிறைய பேர் இளம்பெண்கள். இந்த எபிசோட், அப்படிப்பட்ட பெண்கள் போலீஸ் வேன்ல ஏத்தப்பட்ட ஒரு இரவைப் பத்தியது. அதுக்குப் பின்னாடி இருக்கிற நூறு வருஷக் கதையைப் பத்தியதும்கூட.

2021 டிசம்பர். ஃபாக்ஸ்கான் தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு ஹாஸ்டலில் சாப்பாடு விஷமாகி, 159 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். தோழிகள் இறந்துட்டாங்கன்னு வதந்தி பரவ, டிசம்பர் 17 இரவு பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். 67 பெண்களை போலீஸ் பிடித்து வைத்ததாக ராய்ட்டர்ஸ் எழுதியது. அவர்களுடைய போனைப் பறித்து, பெற்றோரைக் கூப்பிட்டு, ‘பொண்ணை அடக்கி வைங்க’ என்ற தொனியில் எச்சரித்ததாகவும் அந்தச் செய்தியில் குற்றச்சாட்டு இருந்தது. மாவட்ட போலீஸ் தரப்பு குற்றச்சாட்டுகளை மறுத்தது.

அந்தக் குற்றச்சாட்டை மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்குவோம். முப்பது வயசு ஆண் ஒருத்தர் மறியல் பண்ணினா, அவங்க அப்பாவுக்கு போன் போகும்னு நாம எதிர்பார்ப்போமா? பெண்ணுன்னா மட்டும் அது ஏன் நமக்கு ஆச்சரியமா இல்லை?

இதுக்கு வேர் பழசு. 1860-இல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 497-ன்னு ஒரு பிரிவு. இன்னொருவரின் மனைவியோடு உறவு வைத்த ஆணுக்குத் தண்டனை. அந்தப் பெண்ணை உடந்தை என்றுகூடத் தண்டிக்கக் கூடாது. பெண்ணுக்குச் சலுகை மாதிரி தெரியுது, இல்லையா? ஆனா கணவன் சம்மதித்திருந்தால் அது குற்றமே இல்லை! அதாவது, அங்கே அவள் தப்பு செஞ்சவளும் இல்லை, பாதிக்கப்பட்டவளும் இல்லை. கணவனுடைய சொத்து. 2018-இல்தான் உச்ச நீதிமன்றம் இதைத் தூக்கி எறிந்தது.

ஜாமீன் சட்டத்தையும் பாருங்க. கடுமையான வழக்கிலும் சிலருக்கு நீதிமன்றம் ஜாமீன் தரலாம் என்று ஒரு விலக்கு உண்டு. யார் அந்தச் சிலர்? சின்ன வயதினர், பெண், நோயாளி, உடல் தளர்ந்தவர். 1973-இல் சட்டத்தைத் திருப்பி எழுதியபோதும் இந்தப் பட்டியல் இருந்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. சலுகை நல்லதுதான். ஆனா ஒரு பெண் எந்த வரிசையில் நிற்கிறாள்னு கவனிங்க.

இந்த வரிசையில் நிற்க மாட்டேன்னு சொன்ன பெண்களும் நம்ம ஊர்ல இருந்திருக்காங்க. 1927-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் இருந்த நீல் சிலையை அகற்றச் சொல்லி நடந்த போராட்டம். கடலூர் அஞ்சலை அம்மாள் தன் சிறுமி மகளையும் கூட்டிக்கொண்டு போய்ச் சிறைக்குப் போனார். பின்னொரு போராட்டத்தில் கர்ப்பிணியாக வேலூர் சிறையில் இருந்தார். பிரசவத்துக்காக வெளியே விட்டார்கள். பிள்ளையைப் பெற்றுக்கொண்டு மறுபடி சிறைக்கே திரும்பினார். அந்த மகனை ‘ஜெயில் வீரன்’ என்று அழைத்தார்கள்.

எழும்பூரில் ருக்மணி லட்சுமிபதி சாலை வழியா நீங்க போயிருப்பீங்க. 1930-இல் வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகத்துக்காக வேலூர் பெண்கள் சிறைக்குப் போனவர் அவர். பதினாறு வருஷம் கழித்து, சென்னை மாகாணத்தின் சுகாதார அமைச்சர்!

இந்த ரெண்டு பேரையும் இன்னைக்குக் கொண்டாடுறோம். அவங்க செஞ்சது அன்றைய சட்டப்படி குற்றம். ‘நான்தான் செஞ்சேன், எனக்காகத்தான் செஞ்சேன்’ என்று ஒரு பெண் சொல்ல முடியும் என்பதை அவங்க காட்டினாங்க. நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பெண்களும் அதைத்தான் செஞ்சாங்க. அதுக்கப்புறம்தான் அந்த ஹாஸ்டல்களில் சில தேவையான தரத்தில் இல்லை என்று கம்பெனியே ஒப்புக்கொண்டது. ஆலை மூடி, ஜனவரி 12-இல்தான் திறந்தது.

இப்போ அந்த போன் விஷயத்துக்கு வருவோம். கைது நடந்தால் யாருக்குத் தகவல் சொல்லணும்? 2005-இல் சேர்த்த திருத்தம் தெளிவாச் சொல்லுது: உறவினரோ நண்பரோ, கைதானவர் யாரைச் சொல்கிறாரோ அவருக்கு. தேர்வு அவருடையது. அப்பாவாகவும் இருக்கலாம், ரூம்மேட்டாகவும் இருக்கலாம், யூனியன் அக்காவாகவும் இருக்கலாம். அதே வருஷத் திருத்தம்தான், சூரியன் மறைந்த பிறகு பெண்ணைக் கைது செய்ய மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேணும், பெண் அதிகாரி வேணும்னு சொன்னதும். ஆனா இதை மீறினாலே கைது செல்லாதுன்னு ஆகிடாது, ஏன் மீறினோம்னு அதிகாரி விளக்கணும்னு 2025-இல் மதுரைக் கிளை சொல்லியிருக்கு.

இன்னொன்னு. பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. கூப்பிட வேண்டிய நம்பர் 15100. ஹாஸ்டல்ல இருக்கிற உங்க தோழிக்கு இந்த நம்பரை அனுப்பி வைங்க. யாருக்கு முதல் போன் போகணும்னு அவங்களே முடிவு பண்ணட்டும்.