அம்பாசடர் எஞ்சினில் எண்ணெய்க் கலக் கசிவு

எஞ்சினின் அடியில் மசகு எண்ணெய் தேங்கி நிற்கும் தகட்டுக் கலத்தைக் கையேடுகள் ‘சம்ப்’ என்கின்றன. பட்டறைகளில் அது ‘ஆயில் சேம்பர்’. கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதியிலிருந்து 2014 வரை இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்த அம்பாசடர் கார்களில், முக்கியமாக 1,489 சி.சி. பெட்ரோல் எஞ்சின் உள்ளவற்றில், கலத்தைச் சுற்றி எண்ணெய் கசிவது பழகிப்போன கோளாறு. இந்த எஞ்சின் பிரிட்டனின் பி.எம்.சி. நிறுவனத்துடைய ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரிலும் முதலில் இதுவே ஓடியது.

கலத்தின் விளிம்புக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே இரு பக்கமும் நீளவாக்கில் கார்க் பேக்கிங் உட்காருகிறது. முன்னும் பின்னும் மெயின் பேரிங் மூடிகளின் வளைந்த காடியில் தனியாக இரண்டு கார்க் பட்டைகள் உண்டு. நேர் பேக்கிங்கும் வளைந்த பட்டையும் சந்திக்கும் நான்கு மூலைகளில்தான் கசிவு முதலில் தலைகாட்டும்.

நாளாக ஆகக் கார்க் சூட்டில் காய்ந்து சுருங்கும், போல்ட்டுகள் தளரும். அவற்றை ஓங்கி இறுக்கினால் சொட்டு சில நாள் நிற்கும். ஆனால் போல்ட் துளையைச் சுற்றித் தகடு பிளாக்கை நோக்கிப் புடைத்துக்கொள்ள, இரண்டு போல்ட்டுக்கு நடுவில் விளிம்பு இறங்கி வழிவிடும். விளிம்பைக் கெடுப்பதில் காலத்தைவிட ஸ்பேனருக்கே பங்கு அதிகம்.

கலத்தின் மேல் எண்ணெய் படிந்திருப்பதாலேயே அது கலத்தின் கசிவு ஆகிவிடாது. எண்ணெய் மேலிருந்து வழிந்து, ஓடும்போது அடிக்கும் காற்றில் பின்னோக்கிப் பரவி, கடைசியில் கலத்தில் வந்து சேரும். இந்த எஞ்சினில் ஏமாற்றும் இடம் டேப்பட் பக்க மூடிகள். மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் அவற்றின் பேக்கிங்கும் கார்க்தான். முன்புற டைமிங் மூடியின் ஆயில் சீல், ராக்கர் மூடி, ஆயில் ஃபில்டர் ஆகியவற்றையும் பார்த்துவிட வேண்டும். எஞ்சினைக் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் முகப் பவுடரைத் தூவிச் சிறிது தூரம் ஓட்டிவந்தால், ஈரத் தடத்தின் உச்சி எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் கசிவு. கால் மணி நேர வேலை. இதைச் செய்யாமல் கலத்தைக் கழற்றி ஏமாந்தவர்கள் நிறைய.

கலம்தான் என்று உறுதியானால், எண்ணெய் இளஞ்சூட்டில் இருக்கும்போதே வடித்துவிட்டு, வண்டியை ஸ்டாண்டுகளில் நிறுத்த வேண்டும்; ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து. கலத்தை இறக்கியபின் பிளாக்கில் எண்ணெய் சொட்டுவது அடங்க ஓர் இரவு விட்டுவைப்பது நல்லது. பழைய கார்க்கைச் சுரண்டி எடுத்து, விளிம்பின் புடைப்புகளைக் கட்டை கொடுத்து மெல்லத் தட்டிச் சமன் செய்ய வேண்டும். கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து வைத்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். இந்த ஒரு வேலையைத் தாண்டிப்போனால் புதுப் பேக்கிங் போட்டும் பயனில்லை.

கடையில் கிடந்து சுருங்கிய கார்க்கை ஈரத்துணியில் சுற்றி வைத்தால் பழைய நீளத்துக்கு வரும். சிலிக்கோன் பசை நான்கு மூலைகளில் மட்டும், ஒரு துளி அளவுக்குப் போதும். விளிம்பு முழுக்கப் பிதுக்கினால், உள்ளே வழிந்த பசை பிய்ந்து விழுந்து எண்ணெய்ப் பம்பின் சல்லடையை அடைத்துவிடும். சொட்டை நிறுத்தப் போய் பேரிங்கைப் பறிகொடுக்க நேரும். போல்ட்டுகளை எதிரெதிர்ப் பக்கமாக, பல சுற்றுகளில், சீராக இறுக்க வேண்டும். இதே வரிசையின் எம்.ஜி.பி. எஞ்சினுக்குச் சொல்லப்படும் அளவு 6 அடி-பவுண்டு, ஏறத்தாழ 8 நியூட்டன் மீட்டர்தான். மணிக்கட்டின் பலமே போதும்.

இத்தனைக்குப் பிறகும் கிளட்ச் உறையின் அடியிலிருந்து சொட்டினால் கலத்தைக் குறை சொல்ல முடியாது. இந்த மூன்று பேரிங் எஞ்சினில் கிராங்க் தண்டின் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. தண்டிலேயே வெட்டிய திருகு மரை, சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்புகிறது. அதனால் நிறுத்தியபின் ஓரிரு சொட்டு விழுவது இயல்பு. பிஸ்டன் ரிங் தேய்ந்தாலோ பிரீதர் குழாய் அடைத்தாலோ உள்ளே காற்றழுத்தம் ஏறி, கசிவு ஒழுக்காக மாறும். முதலில் பிரீதரைச் சுத்தம் செய்து பார்க்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் எஞ்சினை இறக்கியாக வேண்டும்.