ஜேன் கேட்டதும் கிடைத்ததும்

1849 ஏப்ரல். இன்றைய யூட்டாவின் சால்ட் லேக் பள்ளத்தாக்கில் மார்மன்கள் என்ற மதப் பிரிவினர் குடியேறி இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. முந்தைய ஆண்டு பயிரில் பெரும்பகுதியைப் பூச்சிகள் தின்று தீர்த்திருந்தன. அடுத்த அறுவடைக்கு இன்னும் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த நேரத்தில் எலிசா பார்ட்ரிட்ஜ் லைமன் என்ற பெண்ணின் கணவர் அமாசா லைமன், திருச்சபை வேலையாகக் கலிஃபோர்னியாவுக்குப் புறப்பட்டுப் போய்விட்டார். வீட்டில் மாவு இல்லை. அப்போது எலிசா தன் நாட்குறிப்பில் ஒரு செய்தியை எழுதி வைக்கிறார்: ஜேன் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண் தனக்கு இரண்டு பவுண்டு மாவு கொடுத்தார், அவரிடம் இருந்ததில் ஏறக்குறையப் பாதி அது.

இரண்டு பவுண்டு என்றால் ஒரு கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. கொடுத்தவர் வீட்டில் கணவர், இரண்டு மகன்கள், ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தை. பஞ்ச காலத்தில் கையிருப்பில் பாதியை அள்ளிக் கொடுத்த இந்த ஜேன் யார்? அவருடைய குடும்பம் எங்கிருந்து வந்தது? எங்கே போனது? இந்த வாரம் அந்தக் குடும்பத்தின் தடத்தைப் பழைய தாள்களின் வழியே பின்தொடர்வோம்.

அமெரிக்காவில் மார்மன் முன்னோடிகள் அளவுக்குத் தங்களைப் பற்றி எழுதி வைத்த கூட்டம் குறைவு. 1847 முதல் 1868 வரை சுமார் 70,000 பேர் மாட்டு வண்டியிலும் கைவண்டியிலும் கால்நடையாகவும் மேற்கே யூட்டாவுக்கு வந்தார்கள். 1869 மே 10 அன்று கண்டம் கடக்கும் ரயில் பாதை இணைந்ததும் அந்தப் பயணக் காலம் முடிந்தது. குழு குழுவாகப் போனவர்களில் பெயர்ப் பட்டியல் எழுத ஒருவர் இருப்பார். நாள்தோறும் எத்தனை மைல் நடந்தோம், யார் இறந்தார், எங்கே குழந்தை பிறந்தது என்று குறித்து வைப்பவர்களும் இருந்தார்கள்.

இந்தப் பழக்கத்துக்கு மதக் காரணமும் உண்டு. இறந்துபோன மூதாதையருக்காக உயிரோடு இருப்பவர் ஞானஸ்நானம் பெறலாம், குடும்பத்தை ஆலயச் சடங்கால் நித்தியத்துக்கும் பிணைக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்குப் பெயர் வேண்டும், ஊர் வேண்டும், தேதி வேண்டும். 1894இல் யூட்டா வம்சாவளிச் சங்கம் தொடங்கியதும், 1938 முதல் உலகெங்கும் பதிவேடுகளை மைக்ரோஃபிலிமில் எடுத்ததும், அவற்றைச் சால்ட் லேக் நகருக்கு அருகே கிரானைட் மலையைக் குடைந்து அமைத்த அறைகளில் பாதுகாத்ததும் இந்த நம்பிக்கையால்தான். 24 லட்சம் சுருள்கள். 2021இல் அவை முழுவதையும் கணினிப் படங்களாக மாற்றி முடித்தார்கள்.

ஒரு வெள்ளையர் முன்னோடிக் குடும்பத்தைத் தேடுகிறவருக்கு வேலை சுலபம். பயணப் பட்டியல், மக்கள்தொகைக் கணக்கு, வட்டாரத் திருச்சபைப் பதிவு, ஆலயப் பதிவு என்று வரிசையாகத் தாள்கள் கிடைக்கும். ஜேன் குடும்பத்துக்கு அந்த வரிசையின் கடைசியான ஆலயக் கதவு மூடியிருந்தது. ஆனால், அந்தக் கதவை ஜேன் விடாமல் தட்டினார். தட்டிய ஒவ்வொரு முறையும் ஒரு கடிதம், ஒரு பதில், யாரோ ஒருவருடைய நாட்குறிப்பில் ஒரு குறிப்பு என்று மிஞ்சியது. இன்று நாம் அவரை அறிவதற்குப் பெரிதும் உதவுபவை அவருக்கு இல்லை என்று சொன்ன தாள்களே.

முதல் சிக்கல் பிறந்த ஆண்டு. 1813, 1818, 1820, 1822 என்று ஆவணத்துக்கு ஆவணம் மாறுகிறது. ஊரில் குழப்பமில்லை, கனெக்டிகட் மாநிலத்தின் வில்டன். தாய் ஃபிலிஸ் அடிமையாகப் பிறந்தவர். கனெக்டிகட்டில் 1784இல் வந்த சட்டம் அடிமைமுறையைப் படிப்படியாகத்தான் ஒழித்தது. முழு ஒழிப்பு 1848இல்தான். மகள் ஜேன் பிறப்பிலேயே சுதந்திரமானவர் என்றாலும், தந்தை ஐசக் மேனிங் இறந்துபோக, சிறு வயதிலேயே பக்கத்து ஊரான நியூ கேனனில் ஒரு வசதியான வெள்ளையர் வீட்டில் வேலைக்கு விடப்பட்டார். அங்கே சில்வெஸ்டர் என்ற மகன் பிறந்தான். தகப்பன் ஒரு வெள்ளைக்காரப் போதகர் என்று பிற்காலத்தில் மற்றவர்கள் சொன்னார்கள். ஜேன் தன் வாழ்க்கைக் கதையைச் சொல்லி எழுதவைத்தபோது தகப்பன் பெயரைச் சொல்லவில்லை. அந்த மௌனத்தை மதித்துக் கடந்து போவதே முறை.

1841இல் நியூ கேனன் காங்கிரிகேஷனல் சபையின் உறுப்பினர் பதிவில் ஜேன் பெயர் ஏறுகிறது. அதன் பின் சார்ல்ஸ் வாண்டெல் என்ற மார்மன் ஊழியர் அந்தப் பக்கம் பிரசங்கம் செய்ய வருகிறார். போகக்கூடாது என்று சபைப் போதகர் தடுத்தும் ஜேன் போனார், கேட்டார், ஞானஸ்நானம் பெற்றார். தாயும் உடன்பிறந்தவர்களும் அவர் வழியே வந்தார்கள்.

1843 இலையுதிர் காலத்தில் குடும்பம் இல்லினாய் மாநிலத்தின் நாவூ நகருக்குப் புறப்பட்டது. மார்மன் திருச்சபையை நிறுவிய தீர்க்கதரிசி ஜோசப் ஸ்மித் இருந்த ஊர் அது. கால்வாய்ப் படகில் பஃபலோ வரை வந்தார்கள். அதற்கு மேல் படகில் ஏற்றவில்லை. உடன் வந்த வெள்ளையர்கள் படகிலேயே போனார்கள். மேனிங் குடும்பம் நடந்தது. சுமார் 800 மைல். நம் கணக்கில் 1,300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. காலணி தேய்ந்து கிழிந்தது. பாதம் வெடித்து ரத்தம் வடிந்து, மண்ணில் காலடி முழுதாகப் பதிந்தது என்கிறார் ஜேன். நின்று பிரார்த்தனை செய்ததாகவும், கால்கள் குணமானதாகவும் அவர் சாட்சி சொல்கிறார். இல்லினாயில் பியோரியா நகரில் அதிகாரிகள் நிறுத்தி, அடிமைகள் அல்ல என்பதற்கான சான்றுச் சீட்டைக் கேட்டார்கள். ஜேன் பிறப்பிலேயே சுதந்திரமானவர், அவரிடம் சீட்டு எங்கிருந்து வரும்? சிறை மிரட்டலுக்குப் பின் விட்டார்கள். இதையெல்லாம் தாங்கிக்கொண்டு உறைபனியில் படுத்து எழுந்து வந்த குடும்பம் இது.

நாவூவில் ஜோசப் ஸ்மித்தும் மனைவி எம்மாவும் தங்கள் வீட்டில் இடம் கொடுத்தார்கள். அந்த வீட்டின் பெயர் மேன்ஷன் ஹவுஸ். மற்றவர்கள் வேலையும் வீடும் தேடிப் போய்விட, ஜேன் மட்டும் மிஞ்சினார். துணிமணி வைத்திருந்த பெட்டியும் வழியில் திருட்டுப் போயிருந்தது. அழுதுகொண்டிருந்தவரை ஜோசப்பும் எம்மாவும் அங்கேயே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். துவைப்பதும் தேய்ப்பதும் அவர் பொறுப்பு. எலிசா பார்ட்ரிட்ஜும் அதே வீட்டில் இருந்தவர். 1849இல் கொடுத்த அந்த மாவுக்குப் பின்னால் ஐந்து ஆண்டுக்கும் மேலான பழக்கம் இருக்கிறது.

அங்கே நடந்த ஒரு பேச்சுதான் ஜேனின் மீதி வாழ்நாளைத் தீர்மானித்தது. எங்கள் பிள்ளையாக உன்னைத் தத்தெடுத்துக்கொள்கிறோம், சம்மதமா என்று ஜோசப் சார்பில் எம்மா கேட்டார். அதன் பொருள் அப்போது ஜேனுக்குப் புரியவில்லை. வேண்டாம் என்றார். 1844 ஜூன் 27 அன்று ஜோசப் ஸ்மித்தைக் கலவரக் கும்பல் சுட்டுக் கொன்றது.

ஜேன் பிறகு, ஜோசப்புக்குப் பின் திருச்சபையை வழிநடத்திய பிரிகம் யங்கின் வீட்டில் வேலை பார்த்தார். நியூ ஜெர்சியிலிருந்து வந்திருந்த ஐசக் ஜேம்ஸைத் திருமணம் செய்துகொண்டார். 1846இல் மார்மன்கள் நாவூவை விட்டு வெளியேற, வழியில் அயோவாவில் சைலஸ் பிறந்தான். தாயும் உடன்பிறந்தவர்களும் அப்போது மேற்கே வரவில்லை. 1847 செப்டம்பரில் டேனியல் ஸ்பென்சர் குழுவோடு ஐசக், ஜேன், சில்வெஸ்டர், சைலஸ் நால்வரும் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்தார்கள். ஆயிரம் மைலுக்கும் மேற்பட்ட அந்தப் பயணத்தில் ஜேன் மீண்டும் கருவுற்றிருந்தார். மேரி ஆன் 1848இல் பிறந்தாள்.

இவர்களுக்கு இரண்டு மாதம் முன்பு வந்த முதல் குழுவிலேயே கிரீன் ஃபிளேக், ஹார்க் லே, ஆஸ்கர் கிராஸ்பி என்ற மூன்று கறுப்பினத்தவர் இருந்தார்கள். மூவரும் அடிமைகள். 1850 மக்கள்தொகைக் கணக்கில் யூட்டாவில் கறுப்பினத்தவர் 50 பேர்; 26 பேர் அடிமைகள், 24 பேர் சுதந்திரர்கள். ஜேம்ஸ் குடும்பம் அந்த 24 பேரில் அடங்கும். 1852இல் பிரிகம் யங் தலைமையில் யூட்டா சட்டமன்றம் அடிமைமுறைக்குச் சட்ட வடிவம் கொடுத்தது. கறுப்பினத்தவருக்குக் குருத்துவம் கிடையாது என்று அவர் பகிரங்கமாக அறிவித்ததும் அதே ஆண்டுதான். ஆலயத்தின் உயர் சடங்குகளும் அந்தத் தடையோடு சேர்ந்து அவர்களுக்கு அடைபட்டன. பிரிகம் யங்கின் வண்டியோட்டியாக இருந்தவர் ஐசக் ஜேம்ஸ் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்த இருபது ஆண்டுக் கதையை வரிப் பதிவுகளும் படைப் பட்டியலும் சொல்கின்றன. நிலம், வீடு, வண்டி, கால்நடை என்று குடும்பம் நிமிர்ந்தது. சில்வெஸ்டர் 1861இல் உள்ளூர்க் காவல்படையில் பெயர் கொடுத்தான். 1870ஐ ஒட்டி ஐசக் வீட்டை விட்டுப் போனார், மணமுறிவு ஆனது. மேரி ஆன் 1871இல் பிரசவத்தில் இறந்தாள். மறு ஆண்டு சைலஸ் காசநோயில் போனான். 1874இல் ஃபிராங்க் பெர்கின்ஸ் என்பவரோடு நடந்த மறுமணம் இரண்டே ஆண்டில் முடிந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்து ஐசக் திரும்பி வந்தார். 1891இல் அவர் இறந்தபோது இறுதிச் சடங்கு ஜேன் வீட்டில் நடந்தது. இத்தனை ஆண்டு கழித்து வந்தவருக்கு வாசலைத் திறந்தவர், தனக்கு அடைத்த வாசலை மட்டும் மறக்கவில்லை.

1884 டிசம்பரில் திருச்சபைத் தலைவர் ஜான் டெய்லருக்கு ஜேன் அனுப்பிய கடிதம் இருக்கிறது. தன் இனத்தைப் பற்றித் திருச்சபை சொல்வது தெரியும் என்கிறார். ஆனாலும் ஆபிரகாமின் சந்ததியில் உலகத்தார் எல்லோரும் ஆசீர்வதிக்கப்படுவார்கள் என்ற வாக்கு இருக்கிறதே, அதில் எனக்குப் பங்கில்லையா என்று கேட்கிறார். வேதத்தை வைத்தே வாதாடுகிறார். எம்மா அன்று கேட்டதையும் நினைவூட்டி, இப்போது எனக்குச் சம்மதம் என்கிறார். 1888இல் இறந்த உறவினருக்காக ஞானஸ்நானம் பெற மட்டும் அனுமதிச் சீட்டு வந்தது. அதோடு திருப்தி அடையச் சொன்னார்கள். அவர் அந்தச் சீட்டையும் பயன்படுத்தினார், திருப்தியும் அடையவில்லை. 1890இல் திருச்சபைத் தலைவர்களில் ஒருவரான ஜோசப் எஃப். ஸ்மித்துக்கு மீண்டும் எழுதினார்.

1894 மே 18. சால்ட் லேக் ஆலயத்தில் ஒரு சடங்கு நடந்தது. ஜேன் ஜோசப் ஸ்மித்தோடு பிணைக்கப்பட்டார், மகளாக அல்ல, நித்தியத்துக்கும் பணியாளாக. இறந்துபோன ஜோசப்புக்குப் பதிலாக அவர் அண்ணன் மகன் ஜோசப் எஃப். ஸ்மித் நின்றார். உயிரோடு அதே நகரத்தில் இருந்த ஜேனுக்குப் பதிலாக பாத்ஷீபா ஸ்மித் என்ற வெள்ளைக்காரப் பெண் நின்றார். தன் பெயரில் நடந்த சடங்குக்கு ஜேனை உள்ளே விடவில்லை.

பிள்ளையாக ஏற்பதாக நாவூவில் சொன்னதற்கும் பணியாளாகப் பதிந்ததற்கும் இடையே ஐம்பது ஆண்டு. மார்மன் ஆவணங்களில் இதைவிட மனத்தைச் சுடும் பதிவை நான் படித்ததில்லை. ஜேனுக்கும் அது சுட்டிருக்க வேண்டும். அதே ஆண்டு அக்டோபரில் தலைவர் வில்ஃபர்ட் உட்ரஃபை நேரில் போய்ப் பார்த்து மறுபடி கேட்டார். முடியாது, அது தேவ சட்டத்துக்கு விரோதம் என்று தான் சொன்னதாக உட்ரஃப் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். பணியாள் சடங்கு அவருக்கு நிறைவு தரவில்லை, தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார் என்று பின்னாளில் தலைவர்கள் கூட்டக் குறிப்பும் ஒப்புக்கொள்கிறது.

கடைசிக் காலத்தில் எலிசபெத் ரவுண்டி என்ற பெண்ணிடம் ஜேன் தன் கதையைச் சொல்லி எழுதவைத்தார். கண் பார்வை அநேகமாகப் போயிருந்தது. நாவூவும், வழிநடையும், விசுவாசம் குறையவில்லை என்ற உறுதியும் அதில் இருக்கின்றன. பெற்ற பிள்ளைகளில் இருவரைத் தவிர மற்றவர்களையெல்லாம் இழந்த பிறகு சொன்ன கதை அது. 1908 ஏப்ரல் 16 அன்று இறந்தார். இறுதிச் சடங்கில் பேசியவர், அப்போது திருச்சபைத் தலைவராகிவிட்ட ஜோசப் எஃப். ஸ்மித்.

அவர் கதை நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1975இல் ஹென்ரி வொல்ஃபிங்கர் என்ற ஆவணக் காப்பாளர் கடிதங்களையும் பதிவுகளையும் ஒன்றுசேர்த்துக் கட்டுரை வெளியிட்டார். 2019இல் குவின்சி நியூவெல் முழு வாழ்க்கை வரலாறு எழுதினார். யூட்டா பல்கலைக்கழகத்தில் பால் ரீவ் தலைமையில், தொடக்க நூறாண்டில் திருச்சபையில் சேர்ந்த கறுப்பினத்தவரை ஒவ்வொருவராகத் தேடி எடுத்து, ஆதாரத் தாள்களோடு பொதுப் பார்வைக்கு வைக்கிறார்கள். தனக்குப் பெருமை சேர்க்காத தாள்களையும் கிழித்தெறியாமல் வைத்திருந்ததற்காக அந்தத் திருச்சபைக்கு நன்றி சொல்லலாம். ஜேனுக்கு இழைத்தது அநீதி என்பதில் அந்த நன்றியால் ஒரு மாற்றமும் இல்லை.

1978 ஜூனில் திருச்சபை இனத் தடையை நீக்கியது. 1979இல், இறந்து 71 ஆண்டுகளுக்குப் பிறகு, ஜேன் கேட்ட ஆலயச் சடங்கை அவர் பெயரில் வேறொருவர் நிறைவேற்றினார்.

(தொடரும்)