பெட்டியும் குரலும்

வானொலியின் மரப்பெட்டி வெறும் அலங்காரத்திற்கென்றே அமைந்தது எனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னுமாக அசைகிறது. முன்புறத்துக் காற்று நெருக்குண்ணும் அதே கணத்தில் பின்புறத்துக் காற்று தளர்கிறது. இவ்விரண்டும் தடையின்றிக் கலந்தால் தாழ்ந்த சுரங்கள் அழிந்து, குரல் மெலிந்துவிடும். அவ்வாறு கலவாமல் காப்பதே பெட்டியின் கடமை. பலகை மெலிந்ததாயின் அதுவும் அதிர்ந்து, பாடகர் எழுப்பாத ஓசையைச் சேர்த்துவிடும். ஆகவே, நல்ல குரலுக்கு நல்ல பலகை வேண்டும்.

அப்பலகையே அரிதாகிவிட்ட காலம் ஒன்று இங்கிலாந்திற்கு வந்தது.

போருக்கு முன் அந்நாட்டு வானொலிப் பெட்டிகள் பல, ஒட்டுப்பலகையின்மேல் வால்நட் மரத்தின் மெல்லிய தகட்டைப் போர்த்திச் செய்யப்பட்டன. வெனீர் எனப்படும் இத்தகட்டை ஏமாற்று வேலை என இகழ்தல் தகாது. அரிய மரம் ஒன்றைச் சீவி எளிய பலகைகளின்மேல் ஒட்டினால், அதன் அழகைப் பல பொருள்கள் பெறும். பண்டை எகிப்தியத் தச்சரும் இக்கலையை அறிந்திருந்தனர். சிக்கனம் ஈன்ற கலை இது.

1939-இல் போர் மூண்டது. இங்கிலாந்தோ தனக்கு வேண்டிய மரத்தில் பெரும்பகுதியைக் கடல் கடந்து பெற்று வந்த நாடு. கப்பல்களை நீர்மூழ்கிகள் தாக்கின. கிடைத்த ஒட்டுப்பலகையை விமானங்கள் கொண்டன. 1940-இல் முதன்முதல் பறந்த 'மாஸ்கிட்டோ' விமானத்தின் உடலே மரத்தாலானது. நாற்காலியும் மேசையும் செய்த கைகள் அதன் உறுப்புகளைச் செய்தன. 1942-இல் அரசாங்கம் தளவாடங்களுக்கு ஒரு திட்டம் வகுத்தது. புதுமணத் தம்பதியரும் குண்டுவீச்சில் வீடிழந்தோருமே அவற்றை வாங்கலாம். ஒட்டுப்பலகை கிட்டாத இடத்தில், அழுத்திய மரநார் அட்டையின்மேல் வெனீர் ஒட்டப்பட்டது.

வானொலித் தொழிற்சாலைகளோ படைக்கருவிகளைச் செய்துகொண்டிருந்தன. வீடுகளில் பழுதுற்ற பெட்டிகள் ஊமையாயின. போர்ச் செய்தியை ஒவ்வொரு குடும்பமும் எதிர்நோக்கிய வேளை அது. ஆகவே, 1944-இல் பொதுமக்களுக்கென ஒரே வகை வானொலி வெளிவந்தது. மர்ஃபி நிறுவனத்தின் ரெனால்ட்ஸ் என்பார் அதனை வகுத்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதனைச் செய்தன. எனினும் எந்த நிறுவனமும் தன் பெயரைப் பொறிக்கவில்லை. விலை 12 பவுன் 3 ஷில்லிங் 4 பென்ஸ். எளிய பைன் மரப்பெட்டி. வெனீர் இல்லை, சித்திர வேலை இல்லை. ஆயினும் செய்தி தெளிவாகக் கேட்டது.

தளவாடக் கட்டுப்பாடு 1952-இல் முடிவுற்றது. வெனீர் மீண்டும் மினுங்கியது. ஆனால், பெட்டியின் உள்ளியல்பை ஆராய்வதில் நாட்டம் குன்றவில்லை. யார்க்‌ஷயரைச் சேர்ந்த கில்பர்ட் பிரிக்ஸ் இரு ஒட்டுப்பலகைகளுக்கிடையே மணலை நிரப்பி, அதிர்வை அடக்கினார். விலையுயர்ந்த மரம் தராத அமைதியை எளிய மணல் தந்தது!

மேற்பூச்சு கண்ணுக்கு, உறுதி காதுக்கு. இரண்டும் கிட்டுமாயின் மகிழ்ச்சியே. ஒன்றே கிட்டுமெனில் எதனைக் காப்பது என்பதை அந்தப் பைன் மரப்பெட்டி அறிந்திருந்தது.